ஸைத்தூன் பறிக்கும் நாள்

ஸூறத்துத் தீனில் அல்லாஹ் சத்தியமிட்டுக் கூறும் ஸைத்தூனை நம்மில் பெரும்பாலானோர் எண்ணெய்ப் போத்தலாகவே அறிவோம். அதன் காயைப் பறிக்கும் நாள் எது என்பது தாவரவியல் மட்டும் சார்ந்த கேள்வியன்று. பலஸ்தீனத்தில் அது ஒரு வரலாறு.

மேற்குக் கரையின் மலைச்சரிவுகளில் ஸைத்தூன் ஏப்ரல், மே மாதங்களில் பூக்கிறது. பூக்களில் மிகச் சிலவே காயாகின்றன. கோடையின் நடுவில் கொட்டை இறுகுகிறது. அதன் பிறகே சதையில் எண்ணெய் வேகமாகச் சேர்கிறது. பச்சையாக இருந்த காய் ஊதாவாகிக் கறுக்கிறது. பச்சையும் கறுப்பும் இரு இனங்களல்ல, ஒரே காயின் இரு பருவங்களே.

இனத்துக்கு இனம் தவணை வேறுபடும். ஸூர் நகரின் பெயர் தாங்கிய ஸூரி சிறுகாய், எண்ணெய் மிகுந்தது. நபாலி பலதி ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் உதவும். நபாலி முஹஸ்ஸன் பருத்த காய். எண்ணெய் வீதம் குறைவு. ஊறுகாய்க்கு செப்டெம்பர் முதலே பச்சையாகப் பறிப்பார்கள். எண்ணெய்க்கு ஒக்டோபர், நவம்பரில். முந்திப் பறித்தால் எண்ணெய் குறையும், ஆனால் காரமும் மணமும் இருக்கும். பிந்தினால் காய் உதிரும், எண்ணெயின் தரம் இறங்கும். முதல் மழை புழுதியைக் கழுவட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம்.

இந்தக் கணக்கில் உழவர் அல்லாதோருக்கும் பங்கிருந்தது. காய் ஐந்து வஸக்கை எட்டினால், பிழிந்த எண்ணெயிலிருந்து ஸகாத் எடுக்கவேண்டும் என்றார் இமாம் மாலிக். இமாம் ஷாபிஈயோ ஈராக்கில் ஸைத்தூனுக்கு ஸகாத் உண்டு என்றும், எகிப்து சென்ற பின் இல்லை என்றும் கருதினார். உஸ்மானியர் ஆட்சியில் உஷ்ர் வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தோர் விளைச்சலைக் காத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் நாப்லுஸ் நகரின் சவர்க்கார வணிகர்கள் ஸலம் முறையில் முற்பணம் கொடுத்து, பறிக்குமுன்பே எண்ணெயைத் தமதாக்கினர். பல குடியானவர்கள் கடனில் வீழ்ந்தனர். ஆயினும் இவர்கள் எல்லோரும் கேட்டது விளைச்சலில் ஒரு பங்கையே. பறிக்கும் நாள் மரத்தின் பருவத்தைச் சார்ந்தே இருந்தது.

அந்த நாளும் பின்னர் பறிபோனது. 1967இல் மேற்குக் கரை ஆக்கிரமிக்கப்பட்டது. 2002இல் இஸ்ரேல் எழுப்பத் தொடங்கிய பிரிப்புச் சுவர் பல தோப்புகளை உரிமையாளரிடமிருந்து பிரித்தது. அனுமதிச் சீட்டு உள்ளவர்கள், இராணுவம் வாயிலைத் திறக்கும் நாட்களில் மட்டுமே தம் மரங்களிடம் போக முடிந்தது. 2023 ஒக்டோபரில் போர் மூண்டதும் பலருக்கு அந்த நாட்களும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு மரத்திலேயே விடப்பட்ட காய்கள் ஏராளம்.

பலஸ்தீனத்தைப் பாடும் நம் கவிஞர்கள் ஸைத்தூனை உறுதியின் சின்னமாகக் காண்பது நியாயமே. ஆனால் மரம் நூற்றாண்டுகள் நிற்கும்; காய் சில வாரங்களே நிற்கும். ஒரு மக்களை வறுமைக்குத் தள்ள மரத்தை வெட்ட வேண்டியதில்லை, பறிக்கும் நாளைத் தடுத்தாலே போதும். அந்த நாளைப் பற்றியும் நாம் எழுத வேண்டும்.