மல்லம்பட்டி மதிப்பீட்டின் வரலாறு

மல்லம்பட்டி மதிப்பீடு என்பது பொது மயக்கம் கொடுப்பதற்கு முன், மூச்சுக்குழாயினுள் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்பதை நோயாளியின் வாயைப் பார்த்துக் கணிக்கும் முறையாகும். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை முழுவதும் திறந்து, நாக்கை வெளியே நீட்ட வேண்டும். "ஆ" என்று ஒலி எழுப்பக்கூடாது. எழுப்பினால் மென்னண்ணம் மேலே உயர்ந்து, தொண்டை இருப்பதைவிட விரிவாகத் தெரியும்.

பின்னணி

ஈதர் காலத்தில் நோயாளி தாமாகவே மூச்சுவிட்டுக் கொண்டிருந்தார். குழாய் நுழையாவிட்டால் முகமூடி வழியாகவே மயக்கத்தைத் தொடரலாம். 1942இல் கனடாவின் மாண்ட்ரியாலில் ஹரோல்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் இருவரும் அறுவை சிகிச்சையில் குராரேயைப் பயன்படுத்தினர். 1950களில் சக்சினைல்கோலின் பரவியது. இத்தசைத் தளர்த்திகள் அறுவை மருத்துவரின் வேலையை எளிதாக்கினாலும் நோயாளியின் மூச்சை நிறுத்திவிடும். அப்போது குழாயும் நுழையாமல், முகமூடி வழியாகவும் காற்றுச் செலுத்த முடியாமல் போனால், சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை இங்கிருந்துதான் பிறந்தது.

1956இல் காஸ், ஜேம்ஸ், லைன்ஸ் ஆகியோர் பிரித்தானிய மருத்துவ இதழில் குட்டையான கழுத்து, உள்வாங்கிய தாடை, முன்துருத்திய பற்கள் முதலியவற்றை எச்சரிக்கை அடையாளங்களாகக் குறிப்பிட்டனர். ஆனால் அவற்றை அளந்து வகைப்படுத்தும் எளிய முறை அப்போது இல்லை.

மல்லம்பட்டியின் கருதுகோள்

சேஷகிரி ராவ் மல்லம்பட்டி ஆந்திரத்தில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய மயக்க மருத்துவர். (பெயர் தமிழ்க் காதுக்கு ஊர்ப்பெயர் போல ஒலித்தாலும், இது தெலுங்குக் குடும்பப் பெயர்.) நாக்கின் அடிப்பகுதி வாய்க்குழிக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தால் அது குரல்வளையை மறைக்கும், அந்த அடிப்பகுதியை நேரடியாக அளக்க முடியாவிட்டாலும், அது உள்நாக்கையும் தொண்டைத் தூண்களையும் எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கலாம் என்பது அவர் கருத்து. 1983இல் கனடிய மயக்கவியல் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கருதுகோளாக மட்டுமே முன்வைத்தார். 1985இல் அவரும் உடன் பணியாற்றியோரும் 210 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டனர்.

தூண்கள், மென்னண்ணம், உள்நாக்கு மூன்றும் தெரிந்தால் முதல் வகுப்பு. உள்நாக்கு மறைந்தால் இரண்டாம் வகுப்பு. மென்னண்ணம் மட்டும் தெரிந்தால் மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்பின் 155 பேரில் ஒருவருக்கும் குரல்வளை மறைபடவில்லை. மூன்றாம் வகுப்பின் 15 பேரில் 14 பேருக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்த எண்களே முறையைப் புகழடையச் செய்தன. ஆனால் அதே அட்டவணையில் இரண்டாம் வகுப்பின் 40 பேரில் 14 பேருக்கும் குரல்வளை சரியாகத் தெரியவில்லை. அதாவது சிக்கலானவர்களில் பாதிப்பேர் நடு வகுப்பில் இருந்தனர். பின்னாளில் எழுந்த ஐயங்களின் விதை முதல் ஆய்விலேயே இருந்தது எனலாம்.

நான்காம் வகுப்பு

1987இல் பிரித்தானியாவில் சாம்சூன், யங் இருவரும் குழாய் செலுத்த முடியாமற்போன நோயாளிகளைப் பின்னோக்கி ஆராய்ந்தனர். பொது அறுவை சிகிச்சையில் 2,230 பேரில் ஒருவருக்கு நேர்ந்த தோல்வி, மகப்பேற்றில் 280 பேரில் ஒருவருக்கு நேர்ந்திருந்தது. வன்னண்ணம் மட்டுமே தெரியும் நிலையை அவர்கள் நான்காம் வகுப்பாகச் சேர்த்தனர். இன்று மருத்துவமனைகளில் எழுதப்படுவது இந்தத் திருத்திய வடிவமே.

ஐயங்கள்

2005இல் ஷிகா குழுவினர் 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தபோது, இச்சோதனை சிக்கலான குழாய் செலுத்தல்களில் ஏறத்தாழ பாதியையே முன்கூட்டிக் காட்டியது. அதைவிடக் கடுமையானது 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு. அது இந்த ஒரு சோதனையை மட்டுமல்ல, அன்றாடப் பணியில் மயக்க மருத்துவர்கள் செய்த கணிப்பையே ஆராய்ந்தது. 1,88,064 பேரில் 3,391 பேருக்குக் குழாய் செலுத்துவது கடினமாக இருந்தது. அவர்களில் 3,154 பேருக்கு அது முன்னதாக எதிர்பார்க்கப்படவில்லை. கடினம் என்று கணிக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அவ்வாறு அமைந்தது.

அரிதாக நிகழும் ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்தத் தொல்லை உண்டு. எனவே தாடை முனைக்கும் குரல்வளைக்கும் உள்ள தூரம், கழுத்தின் அசைவு, கீழ்ப்பற்களால் மேலுதட்டைக் கடிக்க இயலுமா என்பன போன்றவற்றையும் சேர்த்தே மருத்துவர்கள் பார்க்கின்றனர். பிரித்தானிய கடின மூச்சுவழிச் சங்கம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி, எதிர்பாராத கடினக் குழாய் செலுத்தலையே பொருளாகக் கொண்டது. முதல் முயற்சி தோற்றால் அடுத்தது என்ன, இறுதியில் கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுப்பது எப்போது என்பவற்றை அது வரிசைப்படுத்தியது.