ஃப்ராக்கிங்: எண்ணெய்க் கிணற்றின் லாபமும் நம் நிலத்தடி நீரும்

திண்டிவனத்தை அடுத்த மரக்காணம் முதல் கடலூர் வரையிலான கடலோரப் பகுதியில் எண்ணெய், எரிவாயு தேட, 2018 அக்டோபரில் வேதாந்தா நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. புதிய உரிமக் கொள்கைப்படி, ஒரே உரிமத்தில் ஷேல் உட்பட எல்லா வகை எண்ணெய், எரிவாயுவையும் எடுக்கலாம். எனவே ஃப்ராக்கிங் என்னும் நீரியல் விரிசல் முறையை நாம் அறிந்திருப்பது அவசியம்.

இறுகிய பாறையிலிருந்து எண்ணெய் தானாக வெளிவராது. தண்ணீர், மணல், ரசாயனக் கலவையை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கும். விரிசல் நீள நீள எண்ணெய் கூடும், செலவும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் வருமானம் கூடுதல் செலவை ஈடுகட்டாது. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதே பொறியாளர்களின் கணக்கு.

அந்தக் கணக்கில் விவசாயியின் கிணறு உப்பாகிப்போனால் வரும் நட்டம் சேராது. காவிரி டெல்டாவுக்காக 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் விழுப்புரம் மாவட்டம் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில், ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என மத்திய அரசு அறிவித்தது.

ஆகவே கிராம சபையில் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்: எவ்வளவு தண்ணீர்? எங்கிருந்து எடுப்பீர்கள்? கழிவுநீர் எங்கே போகும்?