ரயிலுக்கு முன்னாடி வந்த விமானம்

போன எபிசோடைக் கேட்டுட்டு கொட்டாரத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல இருந்து கொழும்பு பக்கமா, சென்னை பக்கமா?"

கொழும்புதான். பறவை பறக்கிற தூரம் கணக்குப் போட்டா, கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 360 கிலோமீட்டர். சென்னை 600-க்கு மேல. மாலத்தீவோட மாலேயும் அதே 600 சொச்சம். கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்னு அட்டவணையில போட்டிருக்கும். அந்த நேரம் முழுக்கப் பறக்கிறதில்லை. நின்ன இடத்துல இருந்து கிளம்பி ஓடுபாதைக்கு உருண்டு போறது, இறங்கின பிறகு திரும்ப உருண்டு வந்து நிக்கிறது எல்லாம் அதுல அடக்கம். அதனாலதான் தூரம் பாதி ஆனாலும் நேரம் பாதி ஆகிறதில்லை.

இந்தத் தூரத்தை நாஞ்சில் நாட்டுக்காரங்க முன்ன எப்படிக் கடந்தாங்க? ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி தூத்துக்குடிக்குப் போகணும். அங்க கப்பல் ஏறினா ஒரு ராத்திரிப் பயணம். வ.உ.சி. 1906-ல் ஆரம்பிச்ச சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடினதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியிலதான்.

விமானம் வந்த கதை வேடிக்கையானது. அப்ப கொட்டாரம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது, தலைநகர் திருவனந்தபுரம். மகாராஜா சித்திரைத் திருநாளோட மைத்துனர் கோதவர்ம ராஜாவுக்குப் பறக்கிறதுல பெரிய ஆர்வம். அவர் முயற்சியில அங்க ஒரு விமானத்திடல் உருவாச்சு. 1935-ல் பம்பாயிலிருந்து டாடாவோட சிறு விமானம் தபால் மூட்டையோட வந்து இறங்கினது. 1938 பிப்ரவரியில டாடா விமானம் கொழும்பு இரத்மலானைக்கும் போயிட்டுது. ஆனா திருவனந்தபுரம் வழியா இல்லை. சென்னை, திருச்சி வழியா.

இப்ப ரயிலைப் பாருங்க. திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918-லேயே வந்தாச்சு. அங்கிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு வந்தது எப்ப? 1979-ல். திருநெல்வேலிப் பக்கத்துத் தண்டவாளம் இணைஞ்சது 1981-ல். 90 கிலோமீட்டர் தள்ளி விமானம் இறங்கி 44 வருஷம் கழிச்சுத்தான் நம்ம ஊர்ப் பக்கம் ரயில் சத்தம் கேட்டிருக்கு!

இடையில 1956 நவம்பர் 1 வந்தது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுக்காக எத்தனை பேர் போராடினாங்க, உயிரைக் கொடுத்தாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஏர்போர்ட் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்னுபோச்சு. தூத்துக்குடி வாகைக்குளத்துல விமான நிலையம் இருக்கு, சரி. ஆனா வெளிநாடு போறவங்களுக்கு இன்னிக்கும் திருவனந்தபுரம்தான் கை.

அதனால கொட்டாரத்துக்காரர் கொழும்பு போகணும்னா கணக்கு இப்படி: தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரைன்னு நெரிசல்ல ஊர்ந்து 3 மணி நேரம். ஏர்போர்ட்டுல 3 மணி நேரம். பறக்கிறது முக்கால் மணி நேரம்.

எங்க பெரியப்பா இறந்தப்போ அண்ணன் துபாய்ல இருந்தான். அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 2,950 கிலோமீட்டர். நாலு மணி நேரத்துல வந்து இறங்கிட்டான். வீட்டுல எல்லாரும் போனைக் கையில வெச்சுக்கிட்டு "களியக்காவிளை தாண்டியாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க அவசரப்படுத்தினாங்க. அவன் மார்த்தாண்டம் பாலத்துக்கிட்ட நிக்கிறேன்னு சொன்னப்போ இங்க எடுத்தாச்சு.

அடுத்த எபிசோடுல அந்தத் தூத்துக்குடிக் கப்பலைப் பத்திப் பேசுவோம்.