ஏழரை முடிந்தது எந்தத் தேதியில்?

2023 டிசம்பர் 20 சாயங்காலம் அம்மா கும்பகோணத்திலிருந்து போன் செய்தாள். "இன்னிக்கு சனிப்பெயர்ச்சி. தனுசு ராசிக்கு ஏழரை விட்டுது. எள்ளு தீபம் போட்டுடு." நான் ஜெய்ப்பூரில் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். தென்மேற்கே சனி, மினுக்காமல், லேசான மஞ்சளில். கிழக்கே நல்ல உயரத்தில் வியாழன்.

வாய் சும்மா இருக்கவில்லை. "திருக்கணிதப்படி ஜனவரி 17-ந் தேதியே முடிஞ்சாச்சும்மா" என்று சொல்லித் தொலைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்போ அப்பா போனது?" என்றாள். அப்பா காலமானது அந்த மார்ச்சில். அதை என் ஏழரைக் கணக்கில் எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரே கிரகம், ஒரே பெயர்ச்சி, நடுவில் பதினோரு மாதம். வாக்கிய பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக் கணிப்பது. வருஷத்துக்குத் துளி பிசகினாலும் நூற்றாண்டுகளில் அது வட்டி மாதிரி ஏறிவிடும். திருக்கணிதப்படி அன்றைக்குச் சனி கும்பத்துக்குள் 8 பாகை போயாகிவிட்டது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் சுமார் 10 பாகை, பார்த்துக் கொள்ளுங்கள். ராசிக்கு வானத்தில் கோடு போட்டிருக்கவில்லைதான். ஆனால் நட்சத்திரங்களுக்கு நடுவே சனி எங்கே நிற்கிறது என்று வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

வங்கிக்காரனுக்கு இது பழகிய தலைவலி. லெட்ஜரில் ஒன்று, பெட்டியில் ஒன்று. எதைத் திருத்துவது?

இதே கேள்விதான் இந்த ஊரைக் கட்டிய சவாய் ஜெய்சிங்குக்கும் (1688-1743). சமர்கண்டின் உலுக் பெக் அட்டவணை, அக்பர், ஷாஜஹான் காலத்து அட்டவணைகள், நம் சித்தாந்தங்கள், ஐரோப்பியர் கணக்கு என்று எல்லாவற்றையும் வரவழைத்துப் பார்த்தார். எதுவும் வானத்தோடு டாலி ஆகவில்லை. பிரான்சின் லா ஹிர் அட்டவணையிலேயே சந்திரன் அரைப் பாகை தள்ளி நின்றது. பித்தளைக் கருவிகள் சிறியவை, அச்சு தேய்ந்துவிடும் என்று கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டினார். டில்லி, ஜெய்ப்பூர், மதுரா, உஜ்ஜயினி, காசி என்று ஐந்து இடங்களில். மதுராவில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

ஊரிலிருந்து வருகிறவர்களை ஜந்தர் மந்தருக்கு அழைத்துப் போவது இங்கே தமிழ்க் குடும்பங்களின் கடமை. எல்லோரும் 27 மீட்டர் சாம்ராட் யந்திரத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது ஜெய்ப்பிரகாஷ் யந்திரம். தரைக்குள் பதித்த இரண்டு பளிங்குக் கிண்ணங்கள், பட்டை பட்டையாக வெட்டியவை. ஒன்றில் பளிங்கு இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. பகலில் மேலே கம்பியில் கட்டிய வளையத்தின் நிழல் விழுந்து சூரியனைக் காட்டும். ராத்திரியில் கிரகத்துக்கு ஏது நிழல்? அதற்குத்தான் இடைவெளி. ஆள் உள்ளே இறங்கி, பளிங்கின் ஓரத்தில் கண்ணை வைத்து, வளையத்தின் வழியாகக் கிரகத்தைப் பிடிக்க வேண்டும். கண் இருந்த இடமே கிரகத்தின் இடம்.

இத்தனைக்கும் ஜெய்சிங்கிடம் தொலைநோக்கி இருந்தது. வியாழனின் நான்கு நிலாக்களை அதில் பார்த்ததாக எழுதியும் வைத்திருக்கிறார். அளப்பதற்கு மட்டும் கண்ணையும் கல்லையும்தான் நம்பினார். ஐரோப்பாவில் அதற்குள் தொலைநோக்கியிலேயே குறுக்குக் கம்பி வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் கோட்டைவிட்டார் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எழுதி வைத்ததை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துத் திருத்து என்றாரே, அது சரி.

அதுவும் புதிதல்ல. கேரளத்துப் பரமேஸ்வரர் பல வருஷம் கிரகணங்களைப் பார்த்துவிட்டு, 1431-ல் கணக்கைத் திருத்தி எழுதிய நூலின் பெயர் 'த்ருக்கணிதம்'. த்ருக் என்றால் பார்ப்பது. நான் ரொம்ப நாள் அது மரியாதைக்குப் போட்ட 'திரு' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

இதையெல்லாம் அன்று அம்மாவிடம் சொல்லவில்லை. "நம்மாத்துல வாக்கியம்தானேம்மா, அதுவே இருக்கட்டும்" என்றேன்.

"இப்ப அங்க தெரியறதா அது?"

"தெரியறது. தென்மேற்கே. மினுக்காது."

"இரு, நானும் மாடிக்குப் போய்ப் பாக்கறேன்" என்றாள். போனை வைக்காமலே படியேறும் சத்தம் கேட்டது.