விரலுக்குத் தெரிந்த அறைகள்

கும்பகோணத்தில் 1974-ல் அச்சகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை எழுத்துப் பிரிப்பது. அச்சடித்து முடித்த பாரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, ஈய எழுத்துகளைக் கேஸில் அதனதன் அறையில் போட வேண்டும். ‘ழு’ எந்த அறை என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. மாற்றிப் போட்டால் மறுநாள் கோக்கிற அண்ணன் கையில் வேறெழுத்து வரும், திட்டு விழும். பார்க்காமலே கை அறைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைத் தொட விட்டார்கள்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த முறை. துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கு. சுழித்த ணா, றா, னா வகையில் ஒன்பது. ஆகப் பதின்மூன்று எழுத்துகள் உருமாறின. ஒரே அச்சாக இருந்த ‘னை’ இனி இரண்டு அச்சு. விரலோ பழைய அறையையே தேடும். ஆனாலும் சமாளித்தோம். சம்பளம் நிற்கவில்லை, சந்தேகம் கேட்கப் பக்கத்திலேயே ஆள் இருந்தது.

1990-களில் ஆஃப்செட்டும் டி.டி.பி.யும் வந்தபோது அப்படி இல்லை. நாற்பது வயதில் வேலை முடிந்து, கைக்காசு கட்டி, மாலை வகுப்பில் உட்கார்ந்தேன். கணினியில் இருந்தது தமிழ்த் தட்டச்சு மெஷினின் விசை வரிசை. தட்டச்சில் லோயர், ஹையர் தேறிய பெண்பிள்ளைகள் முதல் வாரமே பக்கம் பக்கமாக அடித்தார்கள். எனக்கோ இடது கை ஸ்டிக் பிடித்தே பழகியது. எழுத்தெடுத்தது வலது கை மட்டும்.

வகுப்பில் எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை. ஒடுக்கமான பத்தியில் நீண்ட சொல்லை எங்கே உடைப்பது, ஒற்றெழுத்தில் வரி தொடங்கலாகாது, வரிக்கு வரி இடைவெளியை எப்படிச் சமன் செய்வது, இதெல்லாம் கம்பாசிட்டருக்குக் கைவந்த பாடம். அதற்கு அங்கே ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. என்னோடு கோத்தவர்களில் இருவர் முதல் மாதமே நின்று பைண்டிங் வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் நிற்காததற்குக் காரணம் பக்கத்து இருக்கைப் பெண். அவள் அடித்த பத்தியில் ‘வந்தா’ ஒரு வரியிலும் ‘ன்’ அடுத்த வரியிலும் கிடந்ததைச் சுட்டிக்காட்டினேன். “அப்போ எங்கே உடைக்கணும் சார்?” என்று கேட்டாள். சொன்னேன். பிறகு என் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்து, “இந்த விரலை இங்கேயே வைங்க, எடுக்காதீங்க” என்றாள்.