பின்கொய்யகம்

சென்ற வைகாசியில் பேர்ண் நகருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்த சாமத்தியச் சடங்குக்குச் சேலை கட்டிவிடப் போயிருந்தேன். கிழமை நாட்களில் ஒரு றெஸ்ரோரன்ற் குசினியில் சலாட் கழுவுவதும் கோப்பை அடுக்குவதும் என் வேலை. லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில், யாராவது கேட்டால், இந்த வேலைக்குப் போவேன். அன்றைய பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அன்ரி, எனக்கு இப்பிடிக் கொய்யகத்தைப் பின்னுக்கு வைச்சுக் கட்டிவிடுவீங்களோ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தாய் குறுக்கிட்டார்.

"சீ, அதென்ன தோட்டக்காட்டு ஆக்கள் மாதிரி. தங்கச்சி, நீங்கள் முன்னுக்கு வைச்சுக் கட்டுங்கோ."

நான் முன்னுக்கு வைத்தே கட்டினேன். ஏழு மடிப்பு, எல்லாம் ஒரே அளவு, ஒரு ஊசி. படம் பிடிப்பவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் விட்டதை எழுதியாவது தீர்க்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகின்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, முடிக்காமல் வந்தவள் நான். எனவே இதை ஒரு ஆய்வு என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் கொய்யகம் என்பதைத் தமிழ்நாட்டில் கொசுவம் என்கிறார்கள். பழைய அகராதிகளில் கொய்சகம் என்றிருக்கும். கொய்தல் என்ற வினைக்குத் துணியை மடித்து அடுக்குதல் என்றும் பொருள் உண்டு, இலையையும் பூவையும் பறித்தல் என்றும் பொருள் உண்டு. கொழுந்து பறித்த பெண்களின் சேலையைப் பற்றி எழுத உட்காரும்போது இந்த இரட்டைப் பொருள் எனக்குச் சும்மா வந்ததாகத் தோன்றவில்லை.

இன்று உலகம் முழுவதும் சேலை என்று அறியப்படுவது முன்கொய்யகக் கட்டுத்தான். உள்பாவாடை நாடாவில் சேலையின் ஒரு நுனியைச் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, ஆறேழு மடிப்பாக அடுக்கி, தொப்புளுக்குக் கீழே செருகி, மிச்சத்தை இடது தோளில் போடுவது. உள்பாவாடை இல்லாவிட்டால் இந்தக் கட்டு நிற்காது. பின்கொய்யகம் வேறு விதம். அதில் மடிப்புத்தான் முதலில் வருகின்றது. உள்நுனியை மடித்து அடுக்கி இடுப்பின் பின்புறத்தில் வைத்து, மிச்சச் சேலையை அதன்மேல் இறுக்கிச் சுற்றினால் அந்தச் சுற்றே மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். மடிப்பின் மேல்நுனிகள் இடுப்புக்கு மேலே விசிறிபோல விரிந்து கவிழும். ஊசியும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். முன்பக்கம் தட்டையாக இருப்பதால் ஏறவும் குனியவும் முழங்கால் தடைப்படாது. செட்டிநாட்டில் கண்டாங்கிச் சேலையை இப்படித்தான் கட்டினார்கள். தமிழ்நாட்டின் வயலிலும் களத்திலும் வேலை செய்த பெண்கள் பலரும் இப்படித்தான் கட்டினார்கள்.

சான்ரால் பூலாஞ்சே என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் தமிழ்நாட்டில் தங்கி ஆய்வு செய்தவர். இந்தியா முழுவதும் அலைந்து பெண்கள் சேலை கட்டும் முறைகளைப் படிப்படியாக வரைந்து 1997இல் ஒரு நூலாக வெளியிட்டார். பின்கொசுவமும் அதில் இடம்பெற்றது. கட்டத் தெரிந்த கிழவிகளோடு இந்த முறைகள் அழிந்துவிடும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த கிழவியைப் பற்றி எங்களுக்கு அப்படி ஒரு அவசரம் இருக்கவில்லை.

பின்கொய்யகம் தோட்டக்காட்டின் அடையாளம் என்று சொல்பவர்களுக்கு ஸ்கொட்லாந்தின் கில்ட் ஆடையை நினைவூட்ட விரும்புகின்றேன். அதுவும் பின்கொய்யகம்தான். முன்னால் தட்டையான இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மடிப்பு முழுவதும் பின்னால். மலையேறும் கால் முன்னால் விலகவும், பின்னால் துணி வீசி அசையவும் இது வசதி. அங்கும் மடிப்பில் சண்டை உண்டு. அகலமான பெட்டி மடிப்பா, கத்திபோல ஒரே பக்கம் சாயும் நெருக்க மடிப்பா? நான்கு யார் துணி போதுமா, எட்டு யார் வேண்டுமா? கட்டங்களின் கோலம் மடிப்பிலும் குலையாமல் தெரிய வேண்டுமா, அல்லது படையினரின் உடையில்போல ஒரே கோடு திரும்பத் திரும்ப வரவேண்டுமா? குறைந்த துணியும் பெட்டி மடிப்பும் உடலுக்கு இலகு. நெருக்க மடிப்பு அணிவகுப்புக்கு அழகு, ஆனால் பாரமும் வெக்கையும் கூட. உடலுக்குச் சுகமா, பார்ப்பவர் கண்ணுக்கா என்ற கேள்வி எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல.

இந்த ஆடையையும் ஒரு காலத்தில் காட்டுமிராண்டி உடை என்றுதான் சொன்னார்கள். 1745இல் தொடங்கிய கலகம் அடக்கப்பட்டபின், 1746இல் வந்த சட்டம் படையினரைத் தவிர மற்ற மலைநாட்டார் அதை அணிவதைத் தடை செய்தது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் தானே கில்ட் அணிந்து நின்றான். தடைச்சட்டத்திலிருந்து அரச மரியாதைக்கு எழுபத்தாறு ஆண்டுகள். கையில் அதிகாரம் இருந்தவர்கள் விரும்பியதால் அது நடந்தது.

அதே ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்களே இலங்கை மலைநாட்டில் தோட்டத்துரைமாரில் பலர். 1867இல் லூல்கந்துரையில் முதன்முதலாகப் பெருமளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். அவருக்கு முன்பே கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளைக்கு வந்தவர்களின் பெண்கள், ஊரில் கட்டியபடியே பின்கொய்யகம் வைத்து மலையேறினார்கள். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்கும். இடுப்பில் சேலைக்கு மேலே படங்கு. பின்னால் இருக்கும் மடிப்புக் கூடைக்கு மெத்தை என்று என் அம்மாயி சொல்லுவார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கட்டு மலைச்சரிவில் நின்று உழைத்தது.

கீழே நாகரிகம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1860களில், இந்தியர்களில் முதன்முதலாக சிவில் சேவைக்குத் தெரிவான சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி, கணவரோடு பம்பாய்க்குப் போனார். வங்காளப் பெண்கள் அதுவரை கட்டிய முறையில் வெளியே போவது சங்கடமாக இருந்ததால், அங்கே பார்சிப் பெண்களின் முறையைத் தழுவி, சட்டையும் உள்பாவாடையும் சேர்த்துத் தனக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டார். கல்கத்தாவின் பிரம்ம சமாஜக் குடும்பங்களில் அது பரவியது. கேரளத்து ரவிவர்மா 1889இல் பதினொரு பெண்களைப் பதினொரு விதமான தோற்றத்தில் ஒரே ஓவியத்தில் தீட்டினார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்களில் சேலை கட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பள்ளிக்கூடம், புகைப்படம், சினிமா. முன்னால் நின்று பார்க்கும் கண்ணுக்கு முன்கொய்யகம்தான் தெரியும், பின்கொய்யகம் தெரியாது. கமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் யார்?

யாழ்ப்பாணத்தில் சேலைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. யார் சட்டை போடலாம், யார் மேலுடலை மறைக்கலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம் 1859இல் ஒரு அரச பிரகடனத்தோடு ஓரளவு தீர்ந்தது. எம்மிடத்தில் அப்படி ஒரு பிரகடனமும் வரவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் குறுக்குக்கட்டோடு நிற்க வைக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஆகவே முன்கொய்யகம், உள்பாவாடை, சட்டை மூன்றும் சேர்ந்து ஒரு தரத்தின் முத்திரையாகின. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் குறைவு.

என் அம்மாயி மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அம்மாயியின் தங்கை அந்தப் பங்கில் கப்பலேறினார், அம்மாயி மிஞ்சினார். 1977 ஆவணிக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராகக் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தார். அப்போது என் அம்மாவுக்குப் பத்து வயது.

கிளிநொச்சியில் அம்மா செய்த முதல் காரியங்களில் ஒன்று முன்கொய்யகம் வைக்கப் பழகியது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்ன ஒரு சொல்லுக்குப் பிறகு, வெளியே 'அம்மாயி' என்று கூப்பிடக்கூடாது, 'அம்மம்மா' என்றுதான் சொல்லவேண்டும் என்று எனக்கும் பழக்கினார். ஆனால் அம்மாயியின் சேலையை என்ன செய்வது? கோயில் திருவிழாவுக்குப் போகும்போது, "இண்டைக்கு மட்டும் முன்னுக்கு வைச்சுக் கட்டு" என்று அம்மா கெஞ்சுவார். அம்மாயி, "முன்னாடி வச்சா காலு சிக்குதுடி" என்று ஒரே பதில்தான் சொல்லுவார். 2004இல் சாகும்வரைக்கும் அவர் மாற்றவில்லை. நான் அவரோடு கோயிலுக்குப் போகும்போது நாலடி முன்னாலே நடந்தேன். இதை எழுதாமல் மற்றவர்களைப் பற்றி எழுதினால் அது பொய்.

2009 சித்திரை 20ஆம் நாள் புதுமாத்தளனிலிருந்து சனங்களோடு சனங்களாக நாங்களும் நீரேரியைக் கடந்தோம். மாற்றுடுப்பெல்லாம் போய் அம்மாவிடம் ஒரு சேலைதான் மிச்சம். தண்ணீரில் இறங்க முதல் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் நின்று அதை அவிழ்த்து, மடித்து, பின்னுக்கு வைத்து இறுக்கிச் சுற்றினார். ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. முப்பது வருடம் கட்டாத கட்டு. கைக்குத் தெரிந்திருந்தது.

என்னோடு குசினியில் வேலை செய்யும் அப்பென்செல் ஊர்ப் பெண்மணி ஒருவர் தன் பாட்டியின் மரபுடையைப் பெட்டியில் வைத்திருக்கிறார். நுணுக்கமாக மடித்த பாவாடை. அந்த மடிப்புக் குலைந்தால் மறுபடி எடுக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான் என்று கவலைப்படுகிறார். சுவிஸில் கிராமத்துச் சனங்களின் உடுப்புக்களைக் காப்பதற்கென்றே 1926இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பாட்டி உடுத்தது கிராமத்து உடுப்பு என்பதற்காக அவர் வெட்கப்பட்டதை நான் காணவில்லை.

எங்களுக்கு இங்கே இப்போது தைத்த கொய்யகமே கடையில் கிடைக்கின்றது. பாவாடைபோல மாட்டிக்கொள்ளலாம். குளிரில் உள்ளே தடித்த காலுறை போட்டு, பனியில் வழுக்காமல் நடக்க அது நல்லதுதான், அதைக் குறை சொல்லமாட்டேன். 2023இல் மலையகத்தார் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது அந்தப் படங்களை நான் ஒன்றொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். அம்மாயியின் கட்டைத் தேடினேன்.

சடங்கு முடிந்த இரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ கட்டிவிட்டிருக்கலாம்தானே" என்றார்.

போன கிழமை அந்தப் பிள்ளை எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம், பின்னுக்கு வைத்துக் கட்டப் பழக்கிவிடட்டாம். அம்மாவிடம் கேட்டாயா என்று கேட்டேன். இன்னும் கேட்கவில்லையாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, எங்கள் அம்மாயி எந்த ஊர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பழக்குவேன் என்று எழுதியிருக்கின்றேன்.