வயலை வாங்காமல் வயலைக் காத்த ஒரு தீவு

நியூயார்க் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வானளாவிய கட்டிடங்களும் டாக்ஸிகளும்தான். அந்த நகரத்தை ஒட்டியே உருளைக்கிழங்கு வயல்கள் இருந்தன, இன்றும் மிச்சம் இருக்கின்றன என்பது பலருக்கும் தெரியாது. அந்த வயல்களைக் காப்பாற்ற 1974-ல் ஒரு யோசனை பிறந்தது. அதுவரை அமெரிக்காவில் எந்த உள்ளூர் நிர்வாகமும் செய்து பார்க்காத யோசனை. அதன் கதைதான் இது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் நகரத்திலிருந்து கிழக்கே, அட்லாண்டிக் கடலுக்குள் சுமார் 190 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது லாங் ஐலண்ட் என்ற தீவு. வரைபடத்தில் பார்த்தால் ஒரு மீன் படுத்திருப்பது போல இருக்கும். தலைப்பக்கம் நியூயார்க் நகரத்தின் பகுதிகளான புரூக்ளினும் குவீன்ஸும். அதையடுத்து நாஸோ கவுண்டி. வால்பக்கம் முழுவதும் சஃபோக் கவுண்டி. (கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் சட்டமன்றமும் உண்டு.) வால் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் மண் அருமையான மண். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அங்கே உருளைக்கிழங்கு போட்டு வந்தன.

வயலில் முளைத்த ஊர்

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தன, குடியிருக்க வீடு இல்லை. லெவிட் என்ற கட்டுமானக் குடும்பம் இதில் ஒரு பெரிய வாய்ப்பைப் பார்த்தது. 1947-ல் நாஸோ கவுண்டியின் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, தொழிற்சாலையில் கார் செய்வது போல ஒரே அச்சில் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 30 வீடுகள் வரை எழும்பினவாம்! 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் வந்துவிட்டன. ஊருக்கு லெவிட்டவுன் என்று பெயர்.

அந்த விவசாயிகள் ஏன் விற்றார்கள்? பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 1941-லேயே கிழங்குச் செடியின் வேரைத் தின்னும் ஒருவகை நூற்புழு அந்த மண்ணில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஒருபக்கம் நோய் பிடித்த நிலம், மறுபக்கம் கையில் ரொக்கத்தோடு நிற்கும் கம்பெனி. விற்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நாஸோவின் வயல்கள் தீர்ந்ததும் வீடுகள் கிழக்கே நகர்ந்தன. சஃபோக்கின் மக்கள்தொகை 1950-ல் சுமார் 2.76 லட்சம். 1970-ல் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபதே வருடத்தில் நான்கு மடங்கு! 1972-ல் லாங் ஐலண்ட் விரைவுச்சாலை ரிவர்ஹெட் வரை வந்து சேர்ந்தது. விவசாயத்தின் மையமான ஊரே அதுதான். இனி என்ன நடக்கும் என்று யாருக்கும் ஜோசியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விற்கச் சொன்னது யார்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குடும்ப விவசாயி நிலத்தை இழப்பது பெரும்பாலும் யாரோ வந்து பிடுங்கிக்கொள்வதால் அல்ல. கணக்கு அவரைத் தள்ளிவிடுகிறது.

பக்கத்து வயல் மனையாக விற்றால் இவருடைய வயலின் மதிப்பும் காகிதத்தில் ஏறிவிடும். கிழங்கின் விலை ஏறாது. ஆனால் சொத்துவரி மனை விலைக்கு ஏற்ப ஏறும். அதைவிடப் பெரிய அடி, நிலத்துக்காரர் இறந்த பிறகு விழும். அமெரிக்காவில் இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு மத்திய அரசின் வரி உண்டு. 1976-க்கு முன்பு 60,000 டாலருக்கு மேல் போனாலே வரி. உச்ச வரம்பில் அது 77 சதவீதம்! நிலத்தை வயலாக மதிப்பிட மாட்டார்கள், அதில் வீடு கட்டினால் என்ன விலை போகுமோ அந்த விலைக்கு மதிப்பிடுவார்கள். வாரிசிடம் டிராக்டர் இருக்கும், விதைக்கிழங்கு இருக்கும், வரி கட்டப் பணம் இருக்காது. வரி கட்டவே வயலை விற்க வேண்டும். 1976-ல்தான் விவசாயத்தைத் தொடரும் வாரிசுகளுக்குச் சில நிபந்தனைகளுடன் வயல் விலையிலேயே மதிப்பிடச் சட்டம் வந்தது. (இன்று வரிவிலக்கின் வரம்பு பல மடங்கு உயர்ந்துவிட்டதால் இந்த வரியில் மாட்டும் பண்ணைக் குடும்பங்கள் மிகக் குறைவு.)

மூன்றாவது காரணம் நம் வீடுகளிலும் தெரிந்ததுதான். நான்கு பிள்ளைகளில் ஒருவர் உழ நினைப்பார், மற்ற மூவரும் நகரத்தில் இருந்துகொண்டு பங்கு கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். மூன்று பங்கைப் பணமாகக் கொடுக்க உழுகிறவரால் முடியாது. அப்புறம் என்ன, புரோக்கருக்குப் போன்தான்.

1971-ல் நியூயார்க் மாநிலம் வேளாண் மாவட்டச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி விவசாயத்தில் இருக்கும் நிலத்துக்கு வரியைக் குறைத்துப் போட வழி பிறந்தது. நல்ல உதவிதான். ஆனால் வருடாந்திரச் செலவு குறைந்ததே தவிர, வேலிக்கு வெளியே நிற்கும் பெரிய தொகையின் கவர்ச்சி குறையவில்லை.

ஒரு சொத்து, பல உரிமைகள்

அப்போது சஃபோக் கவுண்டியின் தலைவராக இருந்தவர் ஜான் கிளைன். அவர் காலத்தில் எடுத்துக்கொண்ட யோசனை இதுதான்: நிலம் என்பது ஒரே பொருள் அல்ல, பல உரிமைகளின் கட்டு. உழும் உரிமை, குடியிருக்கும் உரிமை, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உரிமை, விற்கும் உரிமை, வீடுகளோ கடைகளோ கட்டும் உரிமை. இதில் கடைசி உரிமையை மட்டும் தனியே உருவி எடுக்க முடியாதா?

முடியும் என்றது 1974-ல் வந்த சட்டம். கணக்கு எப்படி என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு ஏக்கர் மனையாகப் போனால் 10,000 டாலர், வயலாகப் போனால் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் 7,000 டாலர்தான் கட்டும் உரிமையின் விலை. அதைக் கவுண்டி விவசாயிக்குக் கொடுத்துவிடும். நிலம் விவசாயியிடமே இருக்கும். அவர் உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் அதில் மனை போட முடியாது, வாங்குபவராலும் முடியாது, அவருக்குப் பின் வருபவராலும் முடியாது. கவுண்டி பிற்காலத்தில் மனசு மாறி அந்த உரிமையை விற்க நினைத்தால், வாக்கெடுப்பு நடத்தி மக்களிடம் சம்மதம் வாங்க வேண்டும்.

மேலே சொன்ன மூன்று சிக்கல்களுக்கும் இதில் மருந்து இருந்தது. நிலத்தின் விலை வயல் விலைக்கு இறங்கிவிடுவதால் வரியும் இறங்கும். கையில் வரும் ரொக்கத்தில் கூடப்பிறந்தவர்களின் பங்கைக் கொடுத்துவிடலாம். உழ விரும்பும் பிள்ளை உழலாம். யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. விரும்பியவர்கள் முன்வந்து விற்கலாம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு உரிமைக்கு ஊரார் வரிப்பணத்தைக் கொட்டுவதா என்று கேட்டார்கள். ஆதரவாளர்கள் சொன்ன பதில் சுவாரஸ்யமானது. ஒரு வயலில் வீடுகள் வந்தால் பள்ளிக்கூடம், ரோடு, போலீஸ், சாக்கடை எல்லாம் வேண்டும். அந்தச் செலவு வருடாவருடம் வரும். மாடும் கிழங்கும் பள்ளிக்கூடம் போவதில்லை!

1976-ல் கவுண்டி 2.1 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் கிடைத்தது. 1977-ல் முதல் பண்ணைகளின் கட்டும் உரிமை வாங்கப்பட்டது. அதே 1977-ல் மேரிலாந்தும் மாசசூசெட்ஸும் இதேபோன்ற மாநிலத் திட்டங்களுக்குச் சட்டம் இயற்றின. பென்சில்வேனியா 1988-ல் வந்து சேர்ந்தது. 1996-ல் மத்திய அரசே இதற்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியது. சஃபோக் கவுண்டி மட்டும் இதுவரை 10,000 ஏக்கருக்கும் மேல் இப்படிக் காத்திருக்கிறது.

வயல்களும் சும்மா இருக்கவில்லை. 1973-ல் கட்சோக் என்ற ஊரில் ஒரு இளம் தம்பதி பழைய கிழங்கு வயலில் திராட்சை நட்டார்கள். அதுதான் அந்தத் தீவின் முதல் வணிகத் திராட்சைத் தோட்டம். அதைத் தொடர்ந்து ஒயின் தோட்டங்கள், நாற்றுப் பண்ணைகள், காய்கறிக் கடைகள் என்று விவசாயமே உருமாறியது. இவ்வளவு வீடுகள் வந்த பிறகும் 2000-களில் நியூயார்க் மாநிலத்தில் பண்ணை விளைச்சலின் விற்பனை மதிப்பில் முதலிடம் சஃபோக்குக்குத்தான்.

பணக்காரர் வீட்டுப் புல்வெளி

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

தீவின் கிழக்கு முனை பணக்காரர்களின் கோடைவாசஸ்தலம். நில விலை ஏற ஏற, கட்டும் உரிமையின் விலையும் ஏறியது. கவுண்டியின் கடன் பத்திரம் மட்டும் போதாது என்று ஆனது. 1998-ல் அங்கிருந்த ஐந்து ஊர்களின் மக்கள் வாக்களித்து ஒரு வரியைக் கொண்டுவந்தார்கள். வீடோ நிலமோ வாங்குபவர் விலையில் 2 சதவீதத்தை ஒரு பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். நிலத்தின் மேல் அழுத்தம் கொடுக்க வருகிறவரே அதைக் காக்கவும் பணம் கொடுக்கட்டும் என்ற நியாயம். அந்த நிதியில் இதுவரை 200 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்திருக்கிறது.

ஆனால் வேறொரு பக்கம் ஓட்டை விழுந்தது. கட்டும் உரிமை விற்கப்பட்ட வயலில் வீடு கட்டக்கூடாது என்றுதான் பத்திரம் சொன்னது. உழுதே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்துப் பங்களாக்காரர் அந்த வயலை வாங்கித் தன் ஜன்னலுக்கு முன்னால் புல்வெளியாக வைத்துக்கொண்டார். சிலர் குதிரை வளர்த்தார்கள். சட்டப்படி எல்லாம் சரி! வீடு கட்ட முடியாத நிலம் வயல் விலைக்குத்தான் போகும் என்று 1974-ல் போட்ட கணக்கு பொய்த்தது. காட்சிக்காகவே காசு கொடுக்கிறவர்களோடு காய்கறி விளைவிப்பவர் எப்படிப் போட்டி போட முடியும்? நிலம் பிழைத்தது, விவசாயி வெளியே போனார்.

1983-ல் தொடங்கப்பட்ட பெக்கோனிக் லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பும் சவுத்தாம்ப்டன் ஊர் நிர்வாகமும் 2010-களில் இதற்கு மாற்று கண்டார்கள். இம்முறை கட்டும் உரிமையோடு நிற்கவில்லை. நிலத்தைத் தரிசாகப் போடும் உரிமை, புல்வெளியாக்கும் உரிமை, நினைத்த விலைக்கு விற்கும் உரிமை ஆகியவற்றையும் சேர்த்து விலைக்கு வாங்கினார்கள். அந்த நிலத்தில் உணவுப்பயிர் விளைய வேண்டும், விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலைக்குத்தான் கைமாற வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு சண்டை. காக்கப்பட்ட வயலில் விவசாயி தனக்குத் தேவையான கொட்டகை, கடை, வண்டி நிறுத்தும் இடம் போடலாமா? போடலாம் என்று கவுண்டி 2010-லும் 2013-லும் விதிகளைத் திருத்தியது. மக்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2016-ல் கீழ் நீதிமன்றம் திருத்தம் செல்லாது என்றது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் கவுண்டியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊர்க்காரர்களுக்கு வயல் என்பது பச்சை நிறக் காட்சி. விவசாயிக்கு அது தொழிற்கூடம். அந்த வித்தியாசம்தான் நீதிமன்றம் வரை போனது.

வீடு தேடுகிறவர்களின் குறையும் உண்மையானதே. கட்டுவதற்கு நிலம் குறையும் இடத்தில் வீட்டு விலை ஏறும். ஆசிரியரும் செவிலியரும் பண்ணைத் தொழிலாளியும் எங்கே குடியிருப்பார்கள்? 2022-ல் அந்த ஐந்து ஊர்களில் நான்கு, கட்டுப்படியாகும் வீடுகளுக்காக இன்னும் அரை சதவீத வரிக்கு வாக்களித்தன.

லாங் ஐலண்டின் அரை நூற்றாண்டு சொல்வது இதுதான். வயலைக் காப்பதற்கு ஒரு விலை உண்டு. விவசாயியிடம் 'விற்காதே' என்று சும்மா சொன்னால் அந்த விலையை அவர் தலையில் மட்டும் கட்டுகிறோம் என்று அர்த்தம். சஃபோக் மக்கள் அதை ஊரே சேர்ந்து கொடுத்தார்கள், அதுதான் அவர்களுடைய பெருமை. ஆனால் மண்ணுக்கு மட்டும் பத்திரம் எழுதிவிட்டு அதில் உழுகிறவரை எழுத மறந்தார்கள். அந்த விட்டுப்போன வரியைச் சேர்க்க அவர்களுக்கு நாற்பது வருடம் ஆனது. வேறு எந்த ஊர் இந்த வேலையைத் தொடங்கினாலும், அந்த வரியை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது.